நாற்பத்தேழு மில்லி

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா. கால் நீட்ட வேண்டியவர்கள் நீட்டிக்கொள்ளுங்கள், சுவர் வேண்டியவர்கள் சாய்ந்துகொள்ளுங்கள். இன்றைக்கு உங்களுக்கு ஒரு வீட்டுக் கதை வைத்திருக்கிறேன். ராஜா கிடையாது, பேய் கிடையாது. ஒரு புருஷன், ஒரு பெண்டாட்டி, இருபத்திரண்டு பெட்டித் தேனீ, ஆறு நாள். அவ்வளவுதான். ஆனால் அந்த ஆறு நாளும் அந்த வீட்டில் ஒருத்தராவது உட்கார்ந்த இடத்தில் உட்காரவில்லை. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

மில்லைப் பூட்டி எட்டு மாதம் ஆகியிருந்தது. அந்த மில்லில் முப்பத்தொரு வருஷம் ஃபிட்டராக இருந்தவர் அந்த வீட்டு மனுஷன். தெருவில் அவருக்கு ஸ்பேனர் என்று பேர். வீட்டோடு இருந்த முதல் வாரம் தூங்கினார். இரண்டாவது வாரம் குழாயைக் கழற்றினார். குழாய் ஒழுகிக்கொண்டா இருந்தது? இல்லை. ஒழுகக்கூடும் என்று அவருக்குத் தோன்றியது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தக் குழாயை எதிர்ப்பக்கமாகத் திருகினால்தான் தண்ணீர் வரும். பிறகு கதவு. பிறகு சுவர்க்கடிகாரம். கட்டில் காலில் ஒன்றைச் சீவினார், மற்ற மூன்றையும் அதற்குச் சமமாகச் சீவினார், மறுபடி முதல் காலுக்கு வந்தார். எட்டு மாதத்தில் கட்டில் ஒரு சாண் இறங்கிவிட்டது.

பெண்டாட்டியைத் தேன்காரி என்பார்கள். நாலு வருஷத்துக்கு முன் இரண்டு பெட்டியில் ஆரம்பித்தவள். வீட்டிலிருந்து இருபது நிமிஷ நடையில் ஒரு பழத்தோட்டம். அதன் கடைசி வேலியோரம் அவளுடைய பெட்டிகள் வரிசையாக நிற்கும். வேலிக்கு அந்தப் பக்கம் கடுகு வயல். காலையில் வீட்டு வேலையை முடித்து, ஒரு பாட்டில் தண்ணீரும் இரண்டு துண்டு ரொட்டியும் எடுத்துக்கொண்டு போனாளென்றால் வெயில் தாழத்தான் திரும்புவாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் தோட்டக்காரர் வண்டியை அணைக்காமலே வாசலில் நின்று கூப்பிட்டார்.

“அம்மா, திங்கட்கிழமை விடியக்காலையில மருந்தடிக்க ஆள் வருது. மரத்துல பூச்சி விழுந்துடுச்சு. ஞாயித்துக்கிழமை பொழுது சாயப் பெட்டிங்களை எடுத்துடுங்க. அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக்கூடாது.”

“இன்னும் பத்து நாள் இருக்குன்னு சொன்னீங்களே ஐயா.”

“பூச்சி என்னைக் கேட்டுக்கிட்டா வருது?” என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

அவள் வாசலிலேயே நின்றாள். பெட்டிகளைக் கொண்டுபோய் வைக்க இடம் இருந்தது; ஆற்றுக்கு அந்தப் பக்கம் பூக்கத் தொடங்கியிருந்த ஒரு வயல். லாரிக்கும் சொல்லிவிடலாம். ஆனால் பெட்டி ஒவ்வொன்றிலும் மேலறை நிறையத் தேன். அந்தக் கனத்தோடு லாரியில் ஏற்றினால் குலுங்கி அடைகள் முறிந்து, ஈக்கள் தாங்கள் சேர்த்த தேனிலேயே மூழ்கிச் சாகும். ஈக்கள் அடை கட்டியிருக்கும் மரச்சட்டங்களை உருவி வீட்டில் அடுக்கிவிட்டு மெதுவாக எடுக்கலாமே என்பீர்கள். கடுகுத் தேன் அதற்கு விடாது. கூட்டின் சூட்டை விட்டு வெளியே வந்து மூன்று நாள் ஆறினால் அடையிலேயே உறைந்து கல்லாகிவிடும். அதனால் ஞாயிறு சாயங்காலத்துக்குள் இருபத்திரண்டு பெட்டித் தேனையும் எடுத்து, காலி அடைகளைத் திரும்பப் பெட்டியில் வைத்தாக வேண்டும்.

போன வருஷம் வரை அவளுக்கு முதல் பெட்டியை விற்ற கிழவர் தன் மெஷினைக் கொடுத்து உதவினார். அவர் இப்போது தன் மகள் இருக்கும் ஊருக்குப் போய்விட்டார், மெஷினும் அவரோடு போய்விட்டது.

உள்ளே வந்து, உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்த புருஷனிடம் சொன்னாள்.

“இரும்புக்கடையில தேன் எடுக்கற மெஷின் ஒண்ணு பார்த்து வெச்சிருக்கேன். நாலு சட்டம் பிடிக்கும், கையால சுத்தறது. நாளைக்கே போய் எடுத்துட்டு வந்துடறேன்.”

“மெஷின்னா எப்படி?”

“ஒரு அண்டா. உள்ள ஒரு கூண்டு. கூண்டுல சட்டத்தை நிறுத்தி வேகமாச் சுத்தினா தேன் தெறிச்சு அண்டா ஓரமா வழியும். அடை உடையாது. காலி அடையைத் திரும்பக் குடுத்தா மறுநாளே அதுங்க நிரப்ப ஆரம்பிச்சுடும்.”

“அண்டா. கூண்டு. ஒரு ஷாஃப்ட். ரெண்டு பேரிங்.” கத்தியைப் பிடித்த கையாலேயே விரல் மடக்கினார். “இதுக்குப் பேர் மெஷினா? வீட்டுல ஒரு ஃபிட்டரை வெச்சுக்கிட்டுக் கடையில போய் அண்டா வாங்கினாங்கன்னு ஊர் சிரிக்காது?”

“ஊருக்கு வேற வேலை இருக்குங்க.”

“எனக்குத்தான் இல்ல. அதைத்தானே சொல்ல வர்ற?”

அவள் அதைச் சொல்ல வரவில்லை. ஆனால் இல்லை என்று சொல்லவும் வாய் சட்டென்று வரவில்லை. அந்த இடைவெளியில் பக்கத்து வீட்டில் ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் நின்றது. அவருடைய தங்கச்சி அங்கேதான் தையல் கடை வைத்திருந்தாள். இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். இங்கே தும்மினால் அங்கே தைக்கிற கை நிற்கும். கழுத்தில் டேப்போடு வந்து வாசற்படியில் சாய்ந்தாள்.

“அண்ணி, யோசிச்சுச் செய்யுங்க. எங்க அண்ணன் கடிகாரம் ரிப்பேர் பண்ணினதுல இருந்து இந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் மணி பத்தரை, அந்தப் பக்கம் பன்னெண்டு.”

“நீ போய் உன் ஊசியில நூலைக் கோரு.”

“கோத்தாச்சு. உன்னைப் பார்க்கத்தான் வந்தேன்.”

அவர் தங்கச்சியை விட்டுவிட்டுப் பெண்டாட்டியைப் பார்த்தார். கை உருளைக்கிழங்கைச் சீவிக்கொண்டே இருந்தது. தோல் போய் வெகு நேரமாகிவிட்டது.

“மூணு நாள் குடு. வெள்ளிக்கிழமை சாயந்திரம் மெஷின் நிக்கும். நிக்கலைன்னா சனிக்கிழமை போய் வாங்கிக்க. நான் வாயைத் திறக்கமாட்டேன்.”

அவள் மனசுக்குள் நாட்களை எண்ணினாள். சனிக்கிழமை வாங்கினாலும் ஞாயிற்றுக்கிழமை விடியலில் ஆரம்பிக்கலாம். சரி என்றாள்.

“அளவெடுக்க ஒரு சட்டம் குடு.”

கதவுக்குப் பின்னால் பழைய சாமானோடு இருந்த ஒரு வெறும் மரச்சட்டத்தை எடுத்துக் கொடுத்தாள். அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பரண்மேல் துணியில் சுற்றி வைத்திருந்த வெர்னியரை இறக்கினார். மில்லில் மயிரிழை கனத்தை அளக்கிற இரும்பு அளவுகோல் அது. கடைசி நாள் அவர் கொண்டுவந்த ஒரே சாமான். எட்டு மாதமாக அந்தத் துணி பிரியவில்லை. அவள் இன்னொரு அறைக்குப் போய், இரும்புக்கடைக்கு போன் போட்டு, குரலைத் தாழ்த்தி, “சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும் யாருக்கும் குடுத்துடாதீங்க” என்றாள்.

ஏன் குரலைத் தாழ்த்தினாள்? அவருக்குக் கேட்கக்கூடாது என்பது ஒன்று. இன்னொன்றை உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். அந்தத் தோட்டத்தின் கடைசி வேலியோரம் அவளுக்கு மட்டும் சொந்தமான இடம். முதல் வருஷம் அவர் ஒரே ஒரு தரம் வந்தார். வந்த வேகத்தில் மூடியைத் திறந்து பார்த்தார், கையை வீசினார், காதில் ஒரு கொட்டு வாங்கினார், ஓடினார். அதற்குப் பிறகு வரவில்லை. அவளும் வாருங்கள் என்று சொல்லவில்லை. காது சரியாகிவிட்டதா என்று கேட்டபோதுகூட அவளுக்கு உள்ளூர நிம்மதியாகத்தான் இருந்தது. அங்கே யாரும் எதையும் கழற்றமாட்டார்கள். கடை மெஷின் கடை மெஷினாக இருந்துவிடும். அவர் செய்த மெஷின் என்றால் அதன் பின்னாலேயே அவரும் வருவார். இன்றைக்கு மெஷின், நாளைக்குப் பெட்டி மூடிக்குக் கீல், நாளை மறுநாள் தேனீக்கு ஒரு படி. அந்தப் பயம் அவளுக்கு.

புதன்கிழமை காலையில் அவர் பால் பண்ணைக்குப் போய், கழித்துப் போட்டிருந்த ஒரு எஃகு அண்டாவைத் தோளில் சுமந்து வந்தார். இடுப்பளவு உயரம், பக்கத்தில் ஒரு சொட்டை. கொல்லைச் சிமென்ட் தரையில் வைத்து, சோடா போட்டு மூன்று தரம் தேய்த்தார். ஒவ்வொரு தரமும் அவளைக் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொன்னார்.

“பால் வாடை இருக்கா?”

“இல்ல.”

“நல்லா மோந்து பாரு.”

“தலையை உள்ள விட்டுட்டேன், இதுக்கு மேல எங்கங்க போறது?”

மெல்லிய எஃகுக் கம்பியில் கூண்டு வளைத்தார். கூண்டில் நாலு பள்ளம், ஒவ்வொன்றும் சட்டம் நிற்கும் அகலம். மேலே சுழற்ற ஒரு சைக்கிள் பெடலும் செயினும் வேண்டியிருந்தது. சைக்கிள் எங்கிருந்து வந்தது என்பது வியாழக்கிழமை காலையில் சுவர் வழியாகவே தெரிந்தது.

“அண்ணா, என் சைக்கிளுக்கு என்ன ஆச்சு?”

“நீதான் ஓட்டறதில்லையே.”

“ஓட்டறதில்லைன்னா? நாளைக்கு ஓட்டணும்னு தோணினா?”

“தோணினா சொல்லு, அண்டாவோட தரேன். ஏறி உட்கார்ந்துக்க.”

“அண்ணி, இவர் உங்களுக்கு வீட்டுக்காரர், விட்டுப் போகமுடியாது சரி. எனக்கு ஏன் இந்தத் தலையெழுத்து?”

தேன்காரிக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் கால் நிற்கவில்லை. அடுப்பில் எதையாவது வைப்பாள், கொல்லைக்குப் போய்ப் பார்ப்பாள், கருகும் வாசனைக்கு ஓடிவருவாள். தோட்டத்துக்குப் போனால் வீட்டு ஞாபகம். வீட்டுக்கு வந்தால் தோட்டத்து ஞாபகம். காற்றே இல்லாத வெக்கை. பக்கத்து மரங்களில் ஏற்கெனவே இலை சுருண்டிருந்தது. தோட்டக்காரர் சொன்னது பொய்யில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த மூன்று நாள் அவர் கட்டில் பக்கம் போகவில்லை, கடிகாரம் பக்கம் போகவில்லை. செயினில் கிரீஸ் தேனில் சொட்டிவிடக்கூடாது என்று அதற்குத் தனியாக ஒரு மூடி செய்தார். அண்டாவின் சொட்டையை மரச்சுத்தியால் தட்டித் தட்டி, தடவினாலும் தெரியாதபடி எடுத்துவிட்டார். டீயைப் பக்கத்தில் வைத்தால் வைத்த இடத்தில் ஆறிக் கிடக்கும்.

வெள்ளிக்கிழமை மாலை மெஷின் நின்றது. நாலு வெறும் சட்டத்தில் ஈரத்துணியைக் கட்டிக் கூண்டில் இறக்கி, பெடலைப் பிடித்து, திருகையைச் சுற்றுவது போலச் சுற்றினார். ஒரு சத்தமில்லை. செயின் ஓடும் சரசரப்பு மட்டும். அண்டாவின் சுவரில் தண்ணீர் அடித்து அடியிலிருந்த குழாய் வழியே வழிந்தது. துணியை எடுத்தால் பாதிக்கு மேல் உலர்ந்திருந்தது.

தங்கச்சி துணியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். “மழைக்காலத்துல என் வீட்டுத் துணியை எல்லாம் இதுல போட்டுக்கறேன். சைக்கிளுக்கு ஈடு.”

“குழாய் எந்தப் பக்கம் திறக்குது?” என்று கேட்டாள் தேன்காரி.

“சரியான பக்கம்தான்,” என்றார் அவர். எட்டு மாதத்துக்குப் பிறகு அவர் முகத்தில் அந்தச் சிரிப்பைப் பார்த்தாள். சரி, வாங்க வேண்டாம், இதுவே இருக்கட்டும் என்று அந்த நிமிஷம் அவளுக்கு நிஜமாகவே தோன்றியது.

அன்று காலையிலேயே ஒரு பெட்டியின் எட்டு சட்டத்தையும் உருவி, ஈக்களைத் துடைத்துவிட்டு, தள்ளுவண்டியில் மூடிக் கொண்டுவந்திருந்தாள். முதல் சட்டத்தை எடுத்து, நீளக் கத்தியை வெந்நீரில் முக்கி, அடைமேல் இருந்த மெழுகு மூடியை மட்டும் வெங்காயத் தோல் போல உரித்தாள். கீழே தேன் மின்னியது. இரண்டு கையாலும் கூண்டுப் பள்ளத்துக்கு நேரே பிடித்து இறக்கினாள்.

இறங்கவில்லை.

“அழுத்து.”

“அழுத்தினா அடை நசுங்கும்.”

“நகரு.” அவர் வாங்கி, சாய்த்து, திருப்பி, மறுபடி வைத்தார். கம்பி அடையில் பட்டுத் தேன் அவர் முழங்கை வரை வழிந்தது. அடுத்த சட்டம். அதுவும் இல்லை. எட்டில் ஒன்றுகூட இல்லை.

மரச்சட்டத்தின் ஓரம் முப்பத்தைந்து மில்லி, அதாவது மில்லிமீட்டர். அவர் பள்ளத்துக்கு முப்பத்தெட்டு விட்டிருந்தார். ஆனால் சட்டத்துக்குள் இருந்த அடை, மரத்தைத் தாண்டி இரண்டு பக்கமும் தொப்பை போலத் தள்ளிக்கொண்டு நின்றது.

“உன் சட்டம் கோணல்.”

“சட்டம் நேராத்தாங்க இருக்கு. அடைதான் கொழுத்திருக்கு.”

“இவ்வளவு கொழுத்திருக்கும்னு யார் சொன்னா? நீ குடுத்தது வெறும் சட்டம்.”

“நீங்க சட்டம்தானே கேட்டீங்க.”

தங்கச்சி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டு, “அடுப்புல பால்” என்று சொல்லிக்கொண்டு போய்விட்டாள்.

“மரத்து அளவுக்கு அடையைச் சீவிடு,” என்றார். “உள்ள போகும்.”

“சீவமாட்டேன். ஒரு கிலோ மெழுகு கட்டறதுக்கு ஏழெட்டுக் கிலோ தேனைத் தின்னுதுங்க. அடையை வெட்டறதுன்னா துணியில போட்டுப் பிழிஞ்சிருப்பேனே, இந்த மெஷின் எதுக்கு?”

அவள் கை கழுவக் குழாயடிக்குப் போனாள். எதிர்ப்பக்கமாகத் திருகி, சோப்புப் போட்டுக் கழுவித் திரும்புவதற்குள் அவர் கத்தியை எடுத்து ஒரு சட்டத்தைச் சீவிவிட்டார். சீவல் ஒரு பக்கம் ஆழம், ஒரு பக்கம் மேடு. கூண்டில் இறக்கிச் சுற்றினார். மூன்றாவது சுற்றில் உள்ளே சொத்தென்று ஒரு சத்தம். அடை இரண்டாகப் பிளந்து அண்டாவின் அடியில் கிடந்தது.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். உடைந்த துண்டுகளைப் பொறுக்கி ஒரு பாத்திரத்தில் போட்டாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

“திட்டிடேன்.”

“எதுக்கு?”

“நாளைக்குப் போய் உன் கடைக்காரன்கிட்டயே வாங்கிக்க. எடுத்து வைக்கச் சொல்லியிருக்கியே. எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது.”

சனிக்கிழமை காலையில் அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கொல்லைக் கதவைச் சாத்தப் போனாள். சாத்துவதற்கு முன் எட்டிப் பார்த்தாள். அவர் தலைகீழாய்க் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருந்தார். முன்னால் மீதி ஏழு சட்டமும் ஈரத்துணி மூடி வரிசையாக இருந்தன. வெர்னியரால் ஒவ்வொன்றாக அளந்து, கரித்துண்டால் சிமென்ட் தரையில் எழுதிக்கொண்டிருந்தார். நாற்பத்தொன்று. நாற்பத்துநாலு. நாற்பது.

அவள் நிற்பது தெரிந்தும் அவர் தலையைத் தூக்கவில்லை.

“ஒண்ணு போல ஒண்ணு இல்ல,” என்றார். “மில்லுல ஒரு சாமான் அளந்தா ஆயிரம் சாமான் அளந்த மாதிரி. இது அப்படி இல்ல. மீதிப் பெட்டியில எவ்வளவு தூரம் கொழுத்திருக்குன்னு தெரிஞ்சா கூண்டை ரெண்டு மணி நேரத்துல மாத்திடுவேன். ஆனா எனக்கு எப்படித் தெரியும்? நான் பார்த்ததில்லையே.”

குற்றம் சொல்கிற குரல் இல்லை அது. அளவு சொல்கிற குரல். அதனால்தான் அவளுக்கு உறைத்தது. நாலு வருஷம். ஒரு தரம்கூடக் காட்டியதில்லை.

பை தோளில் இருந்தது. பஸ் வர இன்னும் பத்து நிமிஷம். இப்போது போனால் மத்தியானத்துக்குள் மெஷின் வீட்டில் இருக்கும். தோட்டம் அவளுடைய தோட்டமாகவே இருக்கும். அவர் மறுபடி கட்டில் காலுக்குப் போவார்.

பையை இறக்கி ஆணியில் மாட்டினாள்.

“முழுக்கைச் சட்டை போட்டுக்கிட்டு வாங்க. வெளுத்த நிறமா இருக்கட்டும்.”

அவள் முன்னால் நடந்தாள், அவர் பின்னால். வேலியோரம் போனதும் அவள் தன்னுடைய முகவலையை அவர் தலையில் மாட்டி, கழுத்தில் கயிற்றை இழுத்துக் கட்டினாள்.

“கையை வீசக்கூடாது. ஊதக்கூடாது. எதையும் வேகமாச் செய்யக்கூடாது. மேல வந்து உட்கார்ந்தா உட்காரட்டும். அதுக்குப் போக வேற இடம் இருக்கு, தானாப் போயிடும். உங்களால சும்மா நிக்க முடியுமா?”

“பார்க்கலாம்.”

“பார்க்கலாம்னா திரும்பிப் போயிடலாம்.”

“நிக்கறேன்,” என்றார்.

புகையை இரண்டு ஊது ஊதி முதல் பெட்டியைத் திறந்தாள். வெதுவெதுப்பான மெழுகு வாசனை எழும்பி வந்தது. இரைச்சல் ஏறி, மெல்ல அடங்கியது. சட்டத்தை உயர்த்திப் பிடித்தாள். அவர் வெர்னியரைத் திறந்து, ஈக்கள் தானாக விலகும்வரை காத்திருந்து, அடையைத் தொடாமல் அளந்தார்.

“நாப்பத்திமூணு. இது ஏன் இப்படி இழுத்துக் கட்டியிருக்கு?”

“பத்து சட்டம் கொள்ளற பெட்டியில நான் எட்டுதான் வெக்கறேன். நடுவுல இடம் இருந்தா அதுங்க அடையை வளர்த்துக்கிட்டே போகும். சட்டம் குறையுது, தேன் கூடுது. எனக்கும் தூக்கற வேலை மிச்சம்.”

“யார் சொல்லிக் குடுத்தது?”

“யாரும் இல்ல. ரெண்டாவது வருஷம் ஒரு பெட்டியில ரெண்டு சட்டம் உடைஞ்சு போச்சு. மாத்த நேரமில்லாம எட்டோட விட்டேன். பார்த்தா அந்தப் பெட்டியிலதான் தேன் அதிகம். அப்புறம் எல்லாத்துக்கும் அப்படியே செஞ்சுட்டேன்.”

அவர் வலைக்குள்ளிருந்து அவளைப் பார்த்தார். மில்லில் யாராவது புதிதாக ஒரு வேலையைக் கண்டுபிடித்தால் பார்ப்பாரே, அப்படி.

“என்கிட்ட சொல்லவே இல்லையே.”

“நீங்க கேக்கலையே,” என்றாள். பிறகு, “நானும் சொல்லணும்னு நினைக்கல,” என்றாள்.

அடுத்த பெட்டி, அதற்கடுத்த பெட்டி. கடைசிப் பெட்டியில் ஒரு ஈ அவர் மணிக்கட்டில் உட்கார்ந்து, சட்டைக் கைக்குள் நுழையப் பார்த்து, வழி கிடைக்காத கோபத்தில் கொட்டியது. அவள் பார்த்தாள். அவர் தாடை இறுகியது. கை அசையவில்லை. கால் அசையவில்லை. வெர்னியர் அடையோரமே நின்றது. எட்டு மாதமாக ஒரு இடத்தில் நிற்காத மனுஷன் அந்தக் கடுகுப் பூ வெயிலில் நட்ட கம்பம் போல நின்றார்.

அவள் நகத்தால் கொடுக்கைச் சுரண்டி எடுத்தாள். “வலிக்குதா?”

“நாப்பத்தேழு,” என்றார் அவர். “இதுதான் பெருசு. எழுதிக்க.”

எழுத ஒன்றும் இல்லை. அவள் மனசில் எழுதிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அவர் நேரே கொல்லைக்குப் போனார். பதினொன்றரைக்கு போன் அடித்தது.

“அம்மா, மெஷினை எடுத்துக்கறீங்களா? இன்னொருத்தர் வந்து நிக்கறாரு.”

“உங்க மெஷின்ல அடை எத்தனை மில்லி வரைக்கும் போகும்?”

“அதெல்லாம் கம்பெனி அளவும்மா. எல்லாம் போகும்.”

“நாப்பத்தேழு போகுமா?”

“அளந்ததில்லீங்களே.”

“அவருக்கே குடுத்துடுங்க,” என்றாள். “எங்க வீட்டுல அளந்தாச்சு.”

குரலைத் தாழ்த்தாமல்தான் சொன்னாள். கொல்லையில் கம்பி அறுக்கும் சத்தம் ஒரு நிமிஷம் நின்று மறுபடி தொடர்ந்தது.

ரெண்டு மணி நேரம் என்றவருக்கு விளக்கு வைக்கும் நேரம் ஆகிவிட்டது. பள்ளத்தை அகலமாக்கினால் நாலுக்கு இடமில்லை, மூன்றுதான். மூன்று வைத்தால் கனம் ஒரு பக்கம் இழுக்காமல் கூண்டை மறுபடி நடுவில் நிறுத்த வேண்டும். மணிக்கட்டு வீங்கி வளையல் போட்டது போல இருந்தது. தங்கச்சி வந்து பார்த்து, அந்தக் கைக்கு ஈரத்துணி சுற்றிவிட்டு, “அந்த ஈக்குத் தைரியம் ஜாஸ்தி. முப்பது வருஷமா எனக்கு வரலை,” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே ஆரம்பித்தார்கள். தேன் வாசனைக்கு ஈக்கள் வீட்டுக்குள் படையெடுக்கும் என்பதால் கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தி, இடுக்குகளில் துணி திணித்து, உள்ளே மூன்று பேர் வெந்தார்கள். அண்ணி மூடி உரித்தாள், அண்ணன் சுற்றினார், தங்கச்சி வடிகட்டி டின்களில் பிடித்தாள். ஒரு பக்கம் சுற்றி, சட்டத்தைத் திருப்பி வைத்து, மறுபக்கம் சுற்ற வேண்டும். இரண்டு பெட்டி முடிந்ததும் காலி அடைகளைத் தள்ளுவண்டியில் ஏற்றித் தோட்டத்துக்கு ஓடுவார்கள், நிறைந்ததோடு திரும்புவார்கள். முதல் தரம் அடிக் குழாயைத் திறந்தபோது தேன் விரல் கனத்துக்குக் கயிறு போல இறங்கியது, மடிந்தது, டின்னுக்குள் சத்தமில்லாமல் படுத்துக்கொண்டது. மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு அவள், “நேரமாகுது” என்றாள். மறுபடி செயின் சரசரப்பு.

ஒரு அடைகூட உடையவில்லை. ஆனால் மூன்று மூன்றாகத்தான் சுற்ற முடிந்தது. லாரி வந்து ஹாரன் அடித்தபோது பத்தொன்பது பெட்டி முடிந்திருந்தது, மூன்று மீதி. அந்த மூன்றின் தேன் சட்டங்களையும் உருவி வீட்டில் அடுக்கிவிட்டு, வெறும் மேலறையோடு அந்தப் பெட்டிகளை ஏற்றினார்கள். பத்தொன்பது பெட்டி ஈக்களும் மறுநாளே நிரப்ப ஆரம்பித்துவிடும். இந்த மூன்றும் முதலிலிருந்து மெழுகு கட்டவேண்டும். திங்களும் செவ்வாயும் இரண்டு பேரும் அந்த அலுப்பில் படுத்த படுக்கையாய்க் கிடந்து எழுந்து பார்த்தபோது, அடுக்கி வைத்த தேன் அடையோடு வெள்ளைக் கல்லாகியிருந்தது. நாலு சட்டம் பிடிக்கும் கடை மெஷினாக இருந்தால் ஒருவேளை இருபத்திரண்டும் முடிந்திருக்கும். அதை அவள் நினைக்காமல் இல்லை. நினைத்தாள், அவரிடம் சொல்லவில்லை. அவர் தானாகவே சொன்னார்: “அடுத்த தரம் அண்டாவை இன்னும் அகலமாப் பார்க்கணும். ஆறு சட்டம்.”

ஆனால் அது பிறகு. ஞாயிறு சாயங்காலத்தைச் சொல்லி முடிக்கிறேன்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் வயலோரம் பெட்டிகளை இறக்கி வரிசையாக வைத்தார்கள். வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. அவள் குனிந்து ஒவ்வொரு வாசலிலும் அடைத்திருந்த துணியை உருவிக்கொண்டே போனாள். ஈக்கள் நாலைந்து வெளியே வந்து, புது இடத்தை மோந்து, பலகைமேல் நடந்து பார்த்தன. அவர் தொலைவில் லாரி பக்கம் நிற்பார் என்று நினைத்தாள். திரும்பினால் இரண்டடி பின்னால் நின்றார், வீங்கிய கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு, மூச்சுவிடுகிற சத்தம்கூட இல்லாமல்.

“மூணாவது பெட்டிக் கால் கொஞ்சம் ஆடுது,” என்றார்.

அவள் குனிந்து அடுத்த துணியை உருவினாள்.

“ஆடிட்டுப் போகட்டும்,” என்றார் அவராகவே.

கடைசித் துணியை உருவி இடுப்பில் செருகிக்கொண்டாள். லாரிக்காரன் கூப்பிட்டான். இரண்டு பேரும் நகரவில்லை.

“நாளைக்கு இல்ல. ஒடம்பு தேறினதும், நீ இங்க வர்றப்ப,” என்றார், “நானும் வரட்டுமா?”

அவள் வரிசையைப் பார்த்தாள். இருபத்திரண்டு பெட்டி, இருட்டப்போகும் வயல், ஒருத்தரும் இல்லாத வேலி. நாலு வருஷத்து அமைதி அது.  அவர் அவசரப்படுத்தவில்லை, நின்றார்.

“வாங்க,” என்றாள். “ஸ்பேனரை வீட்டுல வெச்சுட்டு வாங்க.”

“வெர்னியர்?”

அவள் யோசித்தாள். “அது கூட வரட்டும்.”

அவ்வளவுதான் கண்ணுகளா. எழுந்து வீட்டுக்குப் போங்கள். உங்கள் வீட்டுக் குழாய் நீங்கள் திருகின பக்கம் திறக்கட்டும். உங்கள் பாத்திரத்தில் எடுத்தது போக, சேர்த்துக் கொடுத்த ஈக்களுக்கும் ஒரு வாய் இனிப்பு மிஞ்சட்டும். ஓயாத கை ஒன்று உங்கள் வீட்டில் இருந்தால் அதற்கு ஒரு நல்ல வேலை வந்து சேரட்டும். அந்தக் கைக்குப் பக்கத்தில் நின்று, “வலிக்குதா” என்று கேட்க ஒரு ஆள் என்றைக்கும் உங்கள் வீட்டில் குறையாமல் இருக்கட்டும்.